உஷார்! ‘பிரெஞ்சுக்காரன் காலத்துக் கோலி’ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்

கண்ணாடிக் கோலிக்கெல்லாம் ஒரு எச்சரிக்கையா என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டிக்கடையில் சில்லறைக்குக் கிடைக்கிற கோலிக்குண்டை மண்ணில் புரட்டி, சாயம்போன வெல்வெட் துணியில் வைத்து, “பிரெஞ்சுக்காரன் காலத்து சரக்கு சார், ஒயிட் டவுன்ல வீட்டை இடிச்சப்போ கிடைச்சது” என்று ஒரு கதையையும் சேர்த்தால் போதும், விலையை ஆயிரக்கணக்கில் பேசலாம். புதுச்சேரியில் இந்தக் கதை சுலபமாக எடுபடும். தேக்கு நாற்காலி, பீங்கான் தட்டு, எனாமல் பலகை, சுவர்க்கடிகாரம் என்று உண்மையிலேயே பழைய பொருள்கள் கைமாறுகிற ஊர் இது. அவற்றின் நடுவே வைத்தால் பொய்ச் சரக்கும் மெய்யாகத் தெரியும்.

இதோடு நின்றால் நஷ்டம் பணத்தோடு போகும். ஆனால் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேடு இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணி செய்து கடல் கடந்து அனுப்பிய இடம். “இது அரிக்கமேட்டுக் கண்ணாடி” என்று ஒருவர் கையில் வைக்கிறார், அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் ஏமாறவில்லை. ஆனால் பாதுகாக்கப்பட்ட ஒரு தொல்லியல் மேட்டைத் தோண்டியதற்குக் கூலி கொடுத்திருக்கிறீர்கள். சரக்கு பொய்யானால் உங்கள் பணம் போகிறது, மெய்யானால் இந்த ஊரின் வரலாறு போகிறது.

முதலில் அந்தப் ‘பிரெஞ்சுக்காரன் காலத்து’க் கோலியைப் பார்ப்போம். சில ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கதை அங்கேயே உடைந்துவிடும். புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. சட்டப்படியான கைமாற்றம் நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16. இப்போது உங்களிடம் நீட்டப்படும் கோலியைப் பாருங்கள். நிறமில்லாத தெளிந்த கண்ணாடி, அதன் நடுவில் பச்சையோ நீலமோ மஞ்சளோ ஆன மெல்லிய இதழ்கள். நாம் தெருவில் பேந்தா ஆடி, தோற்றவன் முட்டியால் தள்ளிக்கொண்டு போன அதே கோலி. சேகரிப்பவர்கள் இதைப் பூனைக்கண் என்பார்கள். இந்த வகை இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பானில் தலையெடுத்து, 1950களின் தொடக்கத்தில்தான் உலகச் சந்தையை நிரப்பியது. அதாவது இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கவிருந்த கடைசிச் சில வருஷங்கள். பூனைக்கண் கோலியைக் காட்டி “நூறு வருஷத்துக்கு முந்தியது”, “துய்ப்ளே காலத்தது” என்று யார் சொன்னாலும் அது பொய். துய்ப்ளே இங்கே ஆளுநராக இருந்தது 18ஆம் நூற்றாண்டில். அப்போது பூனைக்கண் கோலி உலகத்தில் எங்குமே இல்லை.

உண்மையான பழைய கண்ணாடிக் கோலி எது? 19ஆம் நூற்றாண்டின் கைவேலைக் கோலிகளில் பெரும்பங்கு பிரான்சில் செய்யப்பட்டதல்ல, ஜெர்மனியில் செய்யப்பட்டது. துரிங்கியா மலைப்பகுதியில் லவுஷா என்றொரு கண்ணாடி ஊர் இருக்கிறது. அங்கே 1840களில் எலியாஸ் கிரைனர் என்ற கண்ணாடிக் கலைஞர், கோலி செய்வதற்கென்றே ஒரு கத்தரியை உருவாக்கினார். அதன் ஒரு நுனியில் சின்னக் கிண்ணம், மறு நுனியில் வெட்டும் அலகு. நிறக் கண்ணாடி இழைகளை உள்ளே வைத்து உருக்கிய தடியைச் சூட்டோடு முறுக்கி, அதன் நுனியைக் கிண்ணத்தில் உருட்டி உருண்டையாக்கி, அலகால் வெட்டிவிடுவார்கள். முதல் உலகப்போர் வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தக் கோலிகள்தான் சக்கைப்போடு போட்டன.

அந்த வெட்டுதான் பழைய கோலியின் அங்க அடையாளம். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோலியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். கைவேலைக் கோலியில் எதிரெதிரே இரண்டு முனைகளில் சொரசொரப்பான தழும்பு இருக்கும். சிலவற்றில் அந்தத் தழும்பைச் சாணைபிடித்து மழுங்கடித்திருப்பார்கள், அப்போது அங்கே சின்னத் தட்டையான முகம் தெரியும். உள்ளே ஓடும் நிற இழைகள் எல்லாம் ஒரு தழும்பில் தொடங்கி, முறுக்கிக்கொண்டு போய், எதிர்த் தழும்பில் முடியவேண்டும். தழும்பு ஒரு பக்கம், இழை வேறு பக்கம் என்றிருந்தால் அந்தத் தழும்பு பிற்பாடு உண்டாக்கியது. உருண்டையும் அச்சில் வார்த்ததுபோல் அப்பழுக்கில்லாமல் இருக்காது. கண்ணாடித் தகடு ஒன்றின்மேல் உருட்டினால் லேசாகத் தடுமாறும்.

இயந்திரக் கோலியின் வரலாறு வேறு. அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்து மார்ட்டின் கிறிஸ்டென்சன் கோலி உருட்டும் இயந்திரத்துக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு ஆக்ரோ அகேட், பெல்டியர் போன்ற கம்பெனிகள் வந்தன. போரினால் ஜெர்மன் சரக்கு நின்றபோது சந்தை அவர்கள் கைக்குப் போனது. அந்தக் கால இயந்திரக் கோலிகளுக்கும் இன்று சேகரிப்பவர்களிடம் நல்ல மதிப்பு உண்டு. அதனால்தான் ‘அமெரிக்கன் மார்பிள்’ என்ற பெயரிலும் வலை விரிக்கிறார்கள். கோலியின் உடம்பில் கம்பெனி முத்திரை இருக்கும் வழக்கமில்லை. பெயர் இருந்ததெல்லாம் பெட்டியிலும் பையிலும்தான். ஆகவே பழைய மாதிரியில் அச்சடித்த ஒரு அட்டைப்பெட்டிக்குள் புதுக்கோலியைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. பெட்டியின் வயதும் கோலியின் வயதும் ஒன்று என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

‘பழசு’ என்று நிரூபிக்க அவர்கள் காட்டும் அத்தாட்சிகள்தான் எனக்கு அதிக ஆத்திரம் தருகின்றன. உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது பாருங்கள் என்பார்கள். குமிழி அவசரத்தில் உருக்கிய மட்டமான புதுக் கண்ணாடியிலும் நிறைய வரும். யுவி டார்ச் அடித்து, பச்சையாக ஒளிர்வதைக் காட்டி, “யுரேனியம் கண்ணாடி, இப்போ செய்யறதே இல்லை” என்பார்கள். யுரேனியம் கலந்த கண்ணாடி இன்றும் சிறிய அளவில் செய்யப்படுகிறது. வேறு சில சேர்மானங்களும் அந்த விளக்கில் ஒளிரும். ஒளிர்கிறது என்பதால் கண்ணாடியில் என்ன கலந்திருக்கிறது என்று ஓரளவு தெரியலாம், எந்த ஆண்டில் செய்தது என்று தெரியாது. இருட்டறையில் அந்தப் பச்சை வெளிச்சத்தைக் கண்டதும் பர்ஸை எடுக்கிறவர்களைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மேற்பரப்பு மங்கல் இன்னொரு தந்திரம். அமிலத்தில் முக்கியோ, மணலோடு உருளையில் சுழற்றியோ புதுக்கோலியை மங்கவைத்துவிடலாம். லென்ஸில் பார்த்தால் இந்த மங்கல் எங்கும் ஒரே சீராக, பள்ளத்துக்குள்கூடப் பரவியிருக்கும். பிள்ளைகள் ஆடித் தேய்ந்த கோலி அப்படி இருக்காது. ஒன்றோடொன்று மோதிய இடத்தில் மட்டும் பிறைநிலா வடிவில் சின்ன விரிசல், கண்ணாடிக்குள் நகக்கீறல்போல் தெரியும். பக்கத்திலேயே அடிபடாத இடம் பளபளவென்று இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வைப் போலியாகக் கொண்டுவருவது கஷ்டம். செய்கிறவர்களும் உண்டு என்பதால், இதை மட்டும் நம்பியும் முடிவெடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடக் கண்டுபிடிக்கக் கடினமானது, இன்றைய கலைஞர்கள் கையால் செய்யும் கோலி. உருக்கிய தடி, முறுக்கிய இழை, வெட்டுத் தழும்பு எல்லாம் அதிலும் இருக்கும், ஏனென்றால் செய்முறை அதேதான். நாணயமான கலைஞர்கள் அடியில் பெயரோ ஆண்டோ பொறிப்பார்கள். அந்த எழுத்தைச் சாணைபிடித்து அழித்துவிட்டால், நல்ல கலைப்பொருள் ஒன்று மோசடிச் சரக்காகிவிடும். வெள்ளிபோல் மின்னும் ஆடு, குதிரை, பறவை உருவம் உள்ளே வைத்த பெரிய கோலிகளிலும் புதிய நகல்கள் ஏராளம். இவற்றைக் கைபார்த்துச் சொல்ல அனுபவசாலிக்கே நேரம் பிடிக்கும். சுற்றுலா வந்த இடத்தில், பஸ்ஸுக்கு அரைமணி இருக்கும்போது, நீங்கள் முடிவெடுக்க முடியாது.

காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே நாணயமாகப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய சாமான் வியாபாரிகளிலும் “எனக்கு வந்தது இவ்வளவு, எந்தக் காலம்னு தெரியாது” என்று நேராகச் சொல்பவர்கள் உண்டு. அவர்களிடம் ஆசைப்பட்ட கோலியை, கோலியின் விலைக்கு வாங்குங்கள். கதைக்கு விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். விலை பெரிதென்றால் பில் கேளுங்கள். பில்லில் ‘கண்ணாடிக் கோலி’ என்று மட்டும் எழுதாமல், எந்த ஊர், எந்தக் காலம் என்று வாயால் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். பொய் சொன்னவர் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். ஏமாந்த பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த எழுத்துதான்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி “வேற பார்ட்டி கேக்கறாங்க, பாதிப் பணம் அனுப்பிடுங்க” என்று அவசரப்படுத்தினால், பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டதென்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

கோலி சோடா பாட்டில் விஷயமும் என்னை உறுத்துகிறது. லண்டனைச் சேர்ந்த ஹைரம் காட் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. கழுத்துக்குள் ஒரு கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். உள்ளிருக்கும் வாயு கோலியை மேலே தள்ளி வளையத்தோடு அழுத்தி அடைத்துக்கொள்ளும். கட்டை விரலால் அழுத்தினால் ‘டப்’பென்று திறக்கும். இந்தக் கோலியைப் ‘பழைய கோலி’ என்று விற்பதற்காகப் பாட்டிலை உடைப்பது மடத்தனம். அந்தக் கோலியில் பூவும் இல்லை, முறுக்கும் இல்லை. தனியாக எடுத்துவிட்டால், அது எந்தக் காலத்து பாட்டிலிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கோலி சோடா மறுபடியும் சந்தைக்கு வந்திருப்பதால் புது பாட்டில்களும் புதுக்கோலிகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. மதிப்பு இருப்பது முழு பாட்டிலில், அதிலும் சோடாக் கம்பெனியின் பெயரும் ஊரும் புடைப்பாக வார்த்திருக்கும் பாட்டிலில். மூடிப்போன ஒரு சிறு தொழிலுக்கு அதுதான் மிஞ்சியிருக்கும் சாட்சி. பரணில் அப்படி ஒன்று இருந்தால் உடைக்காதீர்கள், காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

பரணைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியில் கோலி நிறைந்த பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தால், உடனே பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். “பளபளன்னு ஆக்கித் தர்றேன்” என்பவர் வெட்டுத் தழும்பையும் ஆடிய தடத்தையும் சேர்த்தே தேய்த்துவிடுவார். பிறகு அது பழசு என்பதற்கு ஆதாரமே இருக்காது. வெந்நீரும் வேண்டாம், சூடும் குளிரும் மாறிப் பட்டால் உள்ளே இருக்கும் விரிசல் ஓடும். வெதுவெதுப்புக்கூட இல்லாத தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். யாருடையது, எந்தத் தெரு வீட்டில் இருந்தது, யார் சொல்லக் கேட்டது என்று ஒரு தாளில் எழுதி டின்னுக்குள்ளேயே வையுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் டின்னை உயரத்தில் வையுங்கள். கோலி தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

இனி அரிக்கமேடு. இங்கே என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தை உலகம் கவனிக்கத் தொடங்கியதே கண்ணாடியும் மணிக்கல்லும் மண்ணுக்கு மேலே வந்ததால்தான். புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ-துப்ரேய் 1937இல் அந்த ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து மணிக்கற்களை வாங்கினார், தரையில் கிடந்தவற்றையும் பொறுக்கினார். அப்படிக் கிடைத்ததில் ஒரு கல்லில் செதுக்கியிருந்த தலையை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் அடையாளம் கண்டார். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் முறையாக அகழ்ந்தார். அவருக்குப் பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. கிரேக்க மாலுமியின் ‘பெரிப்ளஸ்’ நூலில் வரும் பொதுகே துறைமுகம் இதுதான் என்பது அறிஞர்களின் கருத்து.

வீலர் செய்த முக்கியமான வேலை எது தெரியுமா? இத்தாலியின் அரட்டைன் மட்பாண்டம் எந்தக் காலத்தது என்று ஏற்கெனவே தெரியும். அதன் ஓடுகள் இங்கே எந்த மண் அடுக்கில் கிடைத்தனவோ, அதே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானை ஓட்டுக்கும் மணிக்கும் அதை வைத்துக் காலம் சொன்னார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அதுவரை இல்லாத ஒரு பிடிமானம் கிடைத்தது. பேசியது அடுக்குதான். எந்த மணி எந்த ஓட்டுக்குப் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்ற செய்தி அந்த மண்ணில்தான் இருக்கிறது. இருட்டில் மண்வெட்டியோடு போய் ஒரு கைப்பிடி மணி அள்ளுகிறவன் அந்தச் செய்தியை நிரந்தரமாக அழிக்கிறான். ஆறு வேறு அந்த மேட்டைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. மிச்சமிருப்பதையும் நாம் சந்தையில் வாங்கித் தீர்க்கவேண்டுமா?

விற்பவர்கள் சொல்லும் பெரிய பொய் ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். “அரிக்கமேட்டுக் கோலி, இரண்டாயிரம் வருஷம்” என்று துளையில்லாத உருண்டையைக் காட்டுவார்கள். அரிக்கமேடு பெயர்பெற்றது துளையுள்ள மணிகளால். உருகிய கண்ணாடியை நீளமான குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூட்டில் புரட்டி ஓரம் மழுக்கிய பொடி மணிகள் அவை. பெரும்பாலானவை 6 மில்லிமீட்டருக்கும் சிறியவை. அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார். கட்டை விரல் அளவுக் கோலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

துளையுள்ள மணியைக் காட்டினாலும் ஏமாறாதீர்கள். இதே இழுப்பு முறையில் ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை மணி செய்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் புர்தில்நகரிலிருந்தும் மூட்டை மூட்டையாகக் கண்ணாடி மணி வருகிறது. சேற்றில் புரட்டிய புது மணியையும் பழைய மணியையும் வெறுங்கண்ணால் பிரித்துவிட்டேன் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆய்வாளர்களே ஆய்வகத்தில் கண்ணாடியின் வேதிச் சேர்மானத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. அரிக்கமேடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அங்கே அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருள் ஆகும். அதை விற்கும் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை. பாரிசிலிருந்தோ ரெயூனியனிலிருந்தோ லீவுக்கு வந்து, பேரப்பிள்ளைகளுக்கு ‘ஊர் ஞாபகமாக’ ஒரு சரம் மணி வாங்கிப் பெட்டியில் வைக்கும் நம் சொந்தக்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். விமான நிலையத்தில் “சும்மா பாசிமணிதான்” என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைக்காதீர்கள். பழையதுபோல் தோன்றும் எதையும் எடுத்துப்போவதற்கு முன்னால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் பெறலாம்.

கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “இது நிஜமா அரிக்கமேட்டுதா?” ஆமாம் என்றால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காமல் நடையைக் கட்டுங்கள். அரிக்கமேட்டு மணியைக் கண்ணாரப் பார்க்க ஆசையென்றால் செயின்ட் லூயிஸ் வீதி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போய் அந்தப் பொடி மணிகளின் சிவப்பையும் நீலத்தையும் காட்டுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அடித்து ஓய்ந்ததும் அரிக்கமேட்டில் மேல்மண் கரைந்து மணிகள் தலைகாட்டும். காக்காயன்தோப்புப் பக்கம் உலாவப் போகிறவர்கள் கண்ணிலும் படும். எடுக்காதீர்கள். பிள்ளைகளையும் எடுக்கவிடாதீர்கள். கிடக்கிற இடத்திலேயே வைத்துப் படம் எடுங்கள், பக்கத்தில் மரமோ சுவரோ தெரியும்படி இன்னொரு படமும் எடுங்கள், அங்கே காவலுக்கு இருப்பவரிடமோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். உங்கள் சொந்த நிலத்தில் கடைக்கால் தோண்டும்போது இப்படி ஏதாவது வந்தாலும் மறைக்கவேண்டாம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும் என்கிறது அது. யாராவது இரவில் அந்த மேட்டில் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர உதவி எண் 112க்கு அழையுங்கள்.